பேரனும் பாட்டியும்



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பேரனுக்கு 2 வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். பாட்டிக்கு 70 வயது. கண் மங்குகிறது. "வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள்.

இந்த இரண்டு பேச்சாலும் காலம் வீணாகிறது. காது கேட்காத குழந்தைக்குத் தானாகப் பேச்சு வராது. சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் கருவியும் பயிற்சியும் கைகொடுக்கும். பாட்டியின் கண்ணில் இருப்பது புரையாக இருக்கலாம். புரையை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். பெரும்பாலும் பார்வை திரும்பும்.

எங்கே போவது? இந்தியாவில் குழந்தைகளுக்கான இலவசப் பரிசோதனைத் திட்டம் 2013-இல் வந்தது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வர வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். முதியோர் மருத்துவத் திட்டம் 2010-இல் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்குத் தொலைபேசி எண் 14567.

திட்டம் போடுவது மத்திய அரசு. நடத்துவது மாநில அரசு. சிகிச்சை ஒரு துறை. அங்கன்வாடி ஒரு துறை. முதியோர் பென்ஷன் வேறொரு துறை. ஒரு துறை செய்வது மற்றத் துறைக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? ஏழைக் குடும்பம் அலைந்தே சோர்ந்துவிடும். துறைகளை இணைப்பது மாநில அரசின் கடமை. கேட்பது மக்களின் உரிமை.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள். படித்துப் பாருங்கள். எந்த ஊர்? எந்த நாள்? "அடுத்து எங்கே போக வேண்டும்?" என்று கேளுங்கள். குழு வரவில்லையா? கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்.

கற்ற எழுத்து அதற்கும்தான்!