சிலுவையும் கறுவாவும்

ஐரோப்பியர் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறியது மண்ணாசையாலா, மதப்பற்றாலா என்னும் வினா பழையது. இரண்டும் ஒரே வழியிற் சென்ற காலத்தில் எது முன்னின்றதெனப் பிரித்துரைத்தல் எளிதன்று. 1455 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலாஸ் போர்த்துக்கேய மன்னனுக்கு விடுத்த ஆணை, நாடு பிடிக்கும் உரிமையையும் ஆலயம் எழுப்பும் உரிமையையும் ஒருங்கே வழங்கிற்று. ஆதலின் ஆதாயமும் சமயமும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இடங்களையே ஆராய்தல் வேண்டும். அத்தகைய நிகழ்ச்சிகள் இரண்டு இலங்கை வரலாற்றிலேயே உள.

1560 இல் கோவாவின் இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா பெரும்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். 1544 இல் மன்னாரிற் கிறிஸ்தவராகியோரைச் சங்கிலி மன்னன் கொல்வித்தமைக்குப் பழி வாங்குதல் அப்படையெடுப்பின் நோக்கங்களுள் ஒன்று எனப்பட்டது. மன்னார்க் கடலின் முத்தையும் அவர்கள் மறந்தாரல்லர். திரும்பும் வழியில் அங்கே கோட்டையொன்றை நிறுவினர். சங்கிலி தப்பியோடினான். கொள்ளைப் பொருள்களுள் புத்தரின் தந்ததாது எனப்பட்ட பல்லொன்றும் இருந்தது. உண்மைத் தாது அதுவன்று என்பது பௌத்தர் கொள்கை.

செய்தி கேட்ட பெகு நாட்டு மன்னன் தூதரை அனுப்பி, மூன்று இலட்சம் குருசாதோவுக்கும் குறையாத பொன் தருவதாகக் கூறினான் என்பர் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர். கோவாவின் திறைசேரியோ வறண்டிருந்தது. படைத்தலைவர்கள் விற்றுவிடலாம் என்றனர். இராசப்பிரதிநிதியின் மனமும் அப்பக்கமே சாய்ந்தது. அதிமேற்றிராணியார் கஸ்பார் மறுத்தார். விற்பது விக்கிரக வழிபாட்டுக்குத் துணைபோவதாகும் என்றார். ஈற்றில் அவர் சொல்லே வென்றது. 1561 இல் பலர் பார்த்திருக்க அப்பல் உரலில் இடிக்கப்பட்டு, நெருப்பில் எரிக்கப்பட்டு, சாம்பல் ஆற்றில் விடப்பட்டது. எல்லாம் வணிகமே என்று வாதிப்போர்க்கு இந்நிகழ்ச்சி தொல்லை தருவது. ஆயினும் விற்க விரும்பியோரும் கத்தோலிக்கரே என்பதை மறத்தலாகாது.

இனி ஒல்லாந்தர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்து, ஆலயங்களைத் தம் சீர்திருத்தத் திருச்சபைக்கு ஆக்கினர். பதவி விரும்பிய சுதேசிகள் ஞானஸ்நானம் பெறல் வேண்டியதாயிற்று. இது பக்தியின் வேகம் போலத் தோன்றும். கத்தோலிக்கர் போர்த்துக்கேயர்க்கு உளவாவர் என்ற ஐயமே அதனினும் வலியது எனல் பொருந்தும்.

அவர்தம் கும்பனிக்கு உயிர்நிலை கறுவா. அதன் பெரும்பகுதி கண்டியரசனின் காடுகளில் விளைந்தது. அவன் மனம் கோணின் உரிப்போர் உள்ளே செல்லல் அரிது. அக்காலத்திற் கண்டியில் உபசம்பதா பெற்ற பிக்குகள் இல்லாதொழிந்தனர். சரணங்கர தேரரின் முயற்சியால் சீயத்துக்குத் தூதனுப்ப நினைந்த அரசனிடம் கடலோடும் கப்பல் இல்லை. கப்பல் கொடுத்தவர் ஒல்லாந்தரே! பௌத்தத்தை அஞ்ஞானம் என்று தம் பள்ளிகளிற் கற்பித்த கும்பனி, உபாலி தேரரையும் உடன்வந்த பிக்குகளையும் தன் கப்பலிலேற்றி 1753 இல் திருகோணமலையிற் கொணர்ந்து இறக்கிற்று.

அந்த நல்லுறவும் நெடிது நிலைக்கவில்லை. 1761 இற் போர் மூண்டது. 1765 இல் ஒல்லாந்தர் படை கண்டி நகருட் புகுந்தது. மறு ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் கும்பனியின் வசமாயிற்று. கண்டி நாட்டிற் கறுவா உரிக்கும் உரிமையும் அதனோடு கிடைத்தது.