கண்ணுக்குத் தெரியாத நெருப்பு
(புனே நகரில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் வாசிப்பு வட்டத்திற்கான உரை)



புனே நகரம் பேக்கரிகளுக்குப் பெயர் பெற்றது. கேம்ப் பகுதியில் ஈஸ்ட் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே 1955ஆம் ஆண்டு கயானி பேக்கரி தொடங்கப்பட்டது. அதன் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டை வாங்கக் காலையிலேயே மக்கள் வரிசையில் நிற்பார்கள். பிஸ்கட்டும் பாவும் வேகும் அடுப்பை மராத்தியில் 'பட்டி' என்பார்கள். விறகு எரியும் பட்டியின் முன்னால் நிற்கும் தொழிலாளிக்கு நெருப்பு கண்ணுக்கு நேரே தெரியும். அது எரிகிறதா, அடங்கிவிட்டதா என்று பார்த்தே சொல்லிவிடுவார்.

இன்று கோத்ரூட், ஔந்த், பாணேர் பகுதிகளில் எழுந்துள்ள அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் இந்தப் பட்டி வந்துவிட்டது. அதன் பெயர் ஓவன். சமையலறை அலமாரிக்குள் அதைப் பதித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி போல் இருக்கும். புகை இல்லை. சுடர் இல்லை. சத்தமும் அதிகம் இல்லை. ஆனால் உள்ளே 200 டிகிரி, 250 டிகிரி வரை சூடு ஏறும்.

அந்தப் பெட்டியை வாங்கியவர் ஒருவர். அதைத் துடைப்பவர் வேறொருவர். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் கையேடு, வாங்கியவரின் மேசை அறைக்குள் இருக்கிறது. துடைப்பவரின் கையில் ஈரத் துணி மட்டும் இருக்கிறது. நெருப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைச்சூடு படுவது இப்படித்தான். ஆகவே இந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

எண்ணைப் படியுங்கள்

தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 100 டிகிரியில். இட்லி வேகும் ஆவியின் சூடும் அதுதான். கேக் வேக 180 டிகிரி வேண்டும். ரொட்டிக்கு 200 டிகிரிக்கு மேலும் வேண்டும். அதாவது இட்லிப் பானையின் சூட்டைப் போல இரண்டு மடங்கு எண். 60 டிகிரிச் சூடுள்ள தண்ணீரே ஐந்து விநாடியில் தோலைப் புண்ணாக்கிவிடும். அப்படியென்றால் 200 டிகிரியில் இருக்கும் தட்டு என்ன செய்யும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஓவனின் முகப்பில் குமிழ்கள் இருக்கும். ஒரு குமிழைச் சுற்றி 50, 100, 150, 200, 250 என்று எண்கள் இருக்கும். அது சூட்டின் அளவு. இன்னொரு குமிழைச் சுற்றி 10, 20, 30, 60 என்று இருந்தால் அது நிமிடக் கணக்கு. மூன்றாவது குமிழில் எழுத்து இருக்காது. சிறு சிறு படங்கள் இருக்கும். சதுரத்தின் அடியில் ஒரு கோடு இருந்தால் கீழ்ச் சூடு. மேலே ஒரு கோடு இருந்தால் மேல் சூடு. மேலே வளைந்து வளைந்து கோடு போனால் 'கிரில்' என்னும் கடும் மேல் சூடு. விசிறிப் படம் இருந்தால் உள்ளே காற்றாடி சுற்றும். வட்டச் சுழியம் இருந்தால் எல்லாம் நின்றுவிட்டது என்று பொருள்.

குமிழ் சுழியத்திற்கு வந்துவிட்டது என்பதற்காகப் பெட்டி ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிறுத்திய பிறகும் நெடுநேரம் உள்ளே சூடு இருக்கும். வெளியே இருக்கும் கண்ணாடியும் சுடும்.

ஒரே அலமாரியில் மேலும் கீழுமாக இரண்டு பெட்டிகள் இருக்கலாம். ஒன்று ஓவன். மற்றொன்று மைக்ரோவேவ். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருக்கும். குணம் வேறு. ஓவனுக்குள் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வைக்கலாம். பிளாஸ்டிக் வைத்தால் உருகும், தீயும் பிடிக்கும். மைக்ரோவேவுக்குள் எவர்சில்வர் வைத்தால் தீப்பொறி பறக்கும். எது எது என்று வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது?

ஒரு எல்.இ.டி. பல்பு 9 வாட் மின்சாரம் எடுக்கும். 2,700 வாட் ஓவன் ஒன்று ஓடும்போது 300 பல்புகள் எரிவது போல. அவ்வளவு மின்சாரம் மெல்லிய கம்பியில் போனால் என்ன ஆகும்? கம்பி சூடேறும். மேலுறை உருகும். தீப்பிடிக்கும்.

ஆகவே ஓவனுக்குத் தனிக் கம்பி வேண்டும். பெரிய மூன்று துளையுள்ள 16 ஆம்பியர் பிளக், அல்லது தனிச் சுவிட்ச் வேண்டும். 'எக்ஸ்டென்ஷன்' பெட்டியில் செருகக் கூடாது. அதே பிளக்கில் மிக்சியையோ கெட்டிலையோ சேர்த்து மாட்டக் கூடாது. மூன்றாவது முனை நிலத்தொடர்புக்கானது. அதை ஒடித்துவிட்டு இரண்டு முனையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஓவனின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? முதல் நாளே கேளுங்கள். வீட்டின் மெயின் சுவிட்ச் எங்கே என்றும் கேளுங்கள். ஆபத்து வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

அலமாரிக்குள் பதித்த ஓவனுக்கு மூச்சு விட இடம் வேண்டும். கதவுக்கு மேலேயோ கீழேயோ சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே சூடான காற்று வெளியே வரும். அந்த இடைவெளியைத் துணியாலோ செய்தித்தாளாலோ அடைக்கக் கூடாது.

பயன்படுத்தும்போது

ஓவனைப் போடும் முன் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். பல வீடுகளில் ஓவனைப் பாத்திர அலமாரியாக ஆக்கிவிடுகிறார்கள். தோசைக்கல், பிளாஸ்டிக் டப்பா, மீந்த ரொட்டி எல்லாம் அதற்குள் போகும். ஒருவர் வைப்பார். இன்னொருவர் பார்க்காமல் சுவிட்சைப் போடுவார். பிறகு வீடு முழுவதும் புகை.

ஓவனின் அடித்தளத்தில் அலுமினியத் தாளை விரிக்கக் கூடாது. சூடு அடியிலேயே தங்கிவிடும். உட்பூச்சு கெட்டுவிடும்.

கதவைத் திறக்கும்போது முகத்தைக் குனிந்து நீட்டாதீர்கள். ஒரு பக்கமாக விலகி நின்று, கொஞ்சமாகத் திறந்து, ஆவியை வெளியே விடுங்கள். பிறகு முழுவதும் திறங்கள். தட்டை எடுக்கக் கெட்டியான கையுறையோ உலர்ந்த தடித்த துணியோ வேண்டும். ஈரத் துணி உதவாது. துணியில் உள்ள தண்ணீர் நொடியில் ஆவியாகிக் கையைப் பொசுக்கிவிடும். சேலைத் தலைப்பால் பிடிக்கவே கூடாது. தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக் கொள்ளுங்கள்.

சூடான தட்டை எங்கே வைப்பது என்று முன்பே இடம் ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தட்டைக் கையில் வைத்துக் கொண்டு இடம் தேடக் கூடாது.

குழந்தைகள் கதவின் அருகே வரக் கூடாது. கீழ்நோக்கித் திறக்கும் கதவின் மேல் குழந்தை ஏறினால் கீல் முறியலாம். குழந்தையும் விழும், சூடான தட்டும் விழும். கதவின் கைப்பிடியில் ஈரத் துணியைக் காயப் போடும் பழக்கமும் வேண்டாம். குழந்தை துணியைப் பிடித்து இழுத்தால் கதவு திறந்து கொள்ளும்.

துடைக்கும்போது

முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். குமிழை மட்டும் திருப்பினால் போதாது. பெட்டி முழுவதும் ஆறட்டும். அவசரம் என்று யார் சொன்னாலும் ஆறாத ஓவனைத் தொடாதீர்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடித்துச் சிதறலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க விலை உயர்ந்த மருந்து வேண்டியதில்லை. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, கூழ் போல் உட்சுவரில் பூசுங்கள். சில மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு ஈரத் துணியால் வெள்ளை போகும் வரை துடையுங்கள். காயில் என்னும் சூட்டுக் கம்பியின் மேலும் காற்றாடியின் மேலும் பூசக் கூடாது. அலுமினியத் தட்டில் சோடா பட்டால் கறுத்துவிடும். கண்ணாடியைக் கம்பி நாராலும் கத்தியாலும் சுரண்டக் கூடாது. கீறல் விழுந்த கண்ணாடி ஒரு நாள் சூட்டில் உடையும்.

கதவின் ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்கும். அதை மெல்லத் துடையுங்கள், இழுக்காதீர்கள். அது கிழிந்தால் சூடு வெளியேறி அலமாரிப் பலகையைக் கருக்கும். கிழிந்திருந்தால் வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள்.

கடையில் விற்கும் ஓவன் கிளீனர் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். அது தோலை அரிக்கும், கண்ணைக் கெடுக்கும். ரப்பர் கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும்.

வாயுவில் ஓடும் ஓவன்

சில ஓவன்கள் வாயுவில் எரியும். அவற்றைப் பற்ற வைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். 15 விநாடிக்குள் பற்றவில்லையென்றால் நிறுத்துங்கள். ஒரு நிமிடமாவது பொறுத்து மறுபடி முயலுங்கள். உள்ளே வாயு தேங்கியிருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

வாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வாயுவை அடையுங்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறங்கள். வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். சிலிண்டர் வாயுக் கசிவுக்கு எண் 1906. புனேயில் பல வீடுகளுக்குக் குழாய் வழியே வாயு வருகிறது. அந்த நிறுவனத்தின் அவசர எண் வாயு பில்லில் இருக்கும். அதைத் தாளில் பெரிதாக எழுதி, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

தீப்பிடித்தால்

ஓவனுக்குள் தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகும், தீ பெருகும். சுவிட்சை நிறுத்துங்கள். மூடிய கதவுக்குள் காற்றில்லாமல் தீ தானே அடங்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் பட்டால் தீ மேலே பாயும். மின்சாரமும் தாக்கும். தீ வெளியே வந்துவிட்டால் எல்லோரையும் அழைத்துக் கொண்டு வெளியேறுங்கள். தீயணைப்புக்கு எண் 101. எல்லா அவசரத்திற்கும் எண் 112.

வெளியேற வழி வேண்டும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள். புனேயின் கோண்ட்வா பகுதியில் ஒரு பேக்கரியில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே தொழிலாளர்கள் தூங்கிக் கொண்டிருந்தார்கள். வெளியே கதவு பூட்டியிருந்தது. ஆறு பேர் இறந்தார்கள். மின்கசிவால் தீப்பிடித்திருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. தீ எப்படிப் பிடித்திருந்தாலும் சரி, கதவு திறந்திருந்தால் ஓட வழி இருந்திருக்கும். வேலை செய்பவர் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டுவது பேக்கரியிலும் தவறு, வீட்டிலும் தவறு. உள்ளிருந்து திறக்க ஒரு சாவி கேளுங்கள்.

சூடு பட்டால்

உடனே குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டுங்கள். ஒரு நிமிடம் போதாது. 20 நிமிடம் காட்ட வேண்டும். வீக்கம் வருவதற்கு முன் வளையல், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். பற்பசை, மஞ்சள், காப்பித்தூள், மை எதையும் தடவாதீர்கள். ஐஸ் கட்டியும் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். சுத்தமான துணியால் மெல்ல மூடுங்கள். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சூடு பட்டாலும், உள்ளங்கை அளவுக்கு மேல் பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புனே ரயில் நிலையத்தின் அருகே சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1867ஆம் ஆண்டிலிருந்து அது ஏழை மக்களுக்கு மருத்துவம் செய்து வருகிறது. ஆம்புலன்சுக்கு எண் 108.

கேட்பது உரிமை

"இதையெல்லாம் வீட்டுக்கார அம்மாவிடம் எப்படிக் கேட்பது? வேலை போய்விட்டால்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தப் பயம் புதிதல்ல. 1980ஆம் ஆண்டு இதே புனேயில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மராத்தியில் அவர்களை 'மோல்கரீண்' என்பார்கள். அவர்களுக்கும் அதே பயம் இருந்தது. ஒருத்தியாகக் கேட்க முடியாததை ஒன்றாகச் சேர்ந்து கேட்டார்கள். அதிலிருந்து சங்கம் பிறந்தது. 2008ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியத்திற்கு ஒரு சட்டம் இயற்றியது.

கூலி கேட்பது போலவே கையுறை கேட்பதும் நியாயம்தான். கையேட்டைக் காட்டச் சொல்வதும் நியாயம்தான். கையேடு ஆங்கிலத்தில் இருந்தால் வீட்டாரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் மொழியில் எழுதிக் கொள்ளுங்கள்.

இன்று இரவு ஒரு தாள் எடுங்கள். 101, 108, 112, 1906 ஆகிய நான்கு எண்களை எழுதுங்கள். எதிரே எதற்கு எந்த எண் என்றும் எழுதுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும் வீட்டில், "ஓவன் சுவிட்ச் எங்கே இருக்கிறது அம்மா?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டுங்கள்.