பேச மேடை இருக்கு, மூட்டைக்கு ஒரு மேடை கேட்போம்!

(திருச்சி காந்தி மார்க்கெட் பகுதியில் நடந்த தகவல் தொழில்நுட்பப் பிரிவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராத்திரி 2 மணிக்கு காந்தி மார்க்கெட் மணிக்கூண்டு பக்கம் வந்து நின்னு பார்த்திருக்கீங்களா? ஊரே தூங்கிக்கிட்டு இருக்கும். லாரிகள் வரிசையா நிற்கும். தலையில சும்மாடு, கையில கொக்கியோட லோடுமேன் அண்ணன்கள் மட்டும் ஓடிக்கிட்டே இருப்பாங்க. காலையில நம்ம வீட்டு சாம்பார்ல விழுற காய் ஒவ்வொண்ணும் அவங்க கழுத்து மேல ஏறித்தான் இறங்குது.

மேடைக்கு மேடை உழைப்பாளிகளைப் பத்திப் பேசுறோம். இன்னைக்கு அவங்க முதுகைப் பத்திப் பேசலாம்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். ஒரு சின்ன கணக்கு சொல்றேன். கடப்பாரையால கல்லை நெம்புற மாதிரிதான் நம்ம இடுப்பும் வேலை செய்யுது. முதுகுத் தசை எலும்புல இருந்து சுமார் 5 செ.மீ. தூரத்துல இழுக்குது. குனிஞ்சு தரையில இருக்கிற மூட்டையைத் தூக்கும்போது, மூட்டையோட நடுப்பகுதி இடுப்புல இருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும். அதாவது எட்டு மடங்கு. 50 கிலோ மூட்டைக்குத் தசை கொடுக்க வேண்டிய இழுவை 400 கிலோ. ரெண்டு பேர் சேர்ந்து பிடிச்சாலும் ஆளுக்கு 200. குனியுற உடம்போட எடை தனி. இதை ஒரே ராத்திரியில எத்தனை தடவை செய்யுறாங்கன்னு யோசிங்க.

அமெரிக்காவோட பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நியோஷ், 1991-ல திருத்தின சூத்திரப்படி, எல்லாமே சாதகமா இருந்தாலும் தூக்கலாம்னு சொல்ற எடை 23 கிலோதான். குனிஞ்சா, திரும்பினா, வேகமாத் தூக்கினா அதுவும் குறையும்.

இதுல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. லாரி பலகை உயரத்துல இருந்து மூட்டையை நேரா முதுகுல வாங்கினா குனிய வேண்டியதில்லை. தரையில இறக்கி, மறுபடி தரையில இருந்து தூக்குறதுதான் இடுப்பை ஒடிக்குது. அதனால நம்ம கோரிக்கை மூணு.

ஒண்ணு: மூட்டை இறக்குற இடத்துல இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை.

ரெண்டு: சேறும் அழுகின தழையும் இல்லாத சமமான தரை. அது இருந்தாத்தான் தள்ளுவண்டிச் சக்கரம் ஓடும்.

மூணு: மூட்டை எடையைப் பாதியாக் குறைக்கணும்.

"வியாபாரிங்க ஒத்துக்குவாங்களா?"ன்னு கேப்பீங்க. 2022 ஜூலை 18-ல, 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்துச்சு. உடனே கடைகளுக்கு 26 கிலோ அரிசி மூட்டை வந்துருச்சு. வரிக்காக மூட்டை எடையை மாத்த முடிஞ்சதுன்னா, ஒரு மனுஷன் முதுகுக்காகவும் மாத்தலாம்.

ஆனா இதைச் சொன்னப்ப ஒரு பெரியவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "தம்பி, மூட்டை சின்னதானா கூலியும் சின்னதாயிடுமே? வண்டி வந்தா நாலு ஆள் வேலையை ரெண்டு ஆள் பார்த்துட்டுப் போயிடுவானே?" என்கிட்ட சட்டுனு பதில் இல்லை. அவர் பயம் நியாயமானது. கூலி மூட்டைக் கணக்குல இருக்கிற வரைக்கும், மூட்டையைக் குறைச்சா அவர் வயித்துலதான் அடி விழும். அதனால மாற்றம் வர்றதுக்கு முன்னாடியே கூலியை எடைக் கணக்குக்கு மாத்தி, யாரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டோம்னு எழுத்துல ஒப்பந்தம் போடணும். அந்தப் பேச்சுவார்த்தையில லோடுமேன் அண்ணன்களும் உட்காரணும்.

மகாராஷ்டிராவுல 1969-லயே மாத்தாடி சட்டம் வந்துச்சு. தொழிலாளியும் முதலாளியும் வாரியத்துல பதிவு செய்யணும், கூலியும் வாரியம் வழியா வரணும்னு ஏற்பாடு செஞ்சாங்க. கேரளாவுல 1978-ல சுமட்டுத் தொழிலாளர் சட்டம். தமிழ்நாட்டுலயும் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கு, நல வாரியமும் இருக்கு. 2021-ல கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கட்டாயம்னு திருத்தம் கொண்டுவந்ததும் இதே தமிழ்நாடுதான். கள்ளிக்குடியா, பஞ்சப்பூரா, இதே இடமான்னு மார்க்கெட்டைப் பத்தி வருஷக்கணக்கா விவாதம் நடந்துச்சு. எங்க கட்டினாலும் வரைபடத்துல லோடுமேன் இடுப்பு உயரமும் இருக்கணும்.

தோழர்களே, இதைப் படிச்சிட்டு லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க தெருவுல ஒரு லோடுமேன் குடும்பம் இருக்கும். 18-லிருந்து 60 வயசுக்குள்ள இருந்தா வாரியத்துல பதிவு செய்யலாம். பதிவு இருந்தாத்தான் விபத்து உதவியும், 60 வயசுக்கு அப்புறம் ஓய்வூதியமும் கேட்க முடியும். அட்டை இருக்கா, புதுப்பிச்சிருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா உங்க போன்லயே ஆன்லைன்ல விண்ணப்பிச்சுக் கொடுங்க. அரை மணி நேர வேலை.

நம்ம மாநாட்டுக்கு மேடைச் சாமான் ஏத்தி இறக்குறதும் அந்தத் தோள்தான். அந்தத் தோளுக்கு இடுப்பு உயரத்துல ஒரு மேடை கேட்போம். கிடைக்கிற வரைக்கும் கேட்போம்.



#மூட்டைக்குஒருமேடை #காந்திமார்க்கெட் #திருச்சி