ஒரு நொடிக்கு ஐம்பது தூது



பத்து ஆண்டுகளாகச் சங்கப் பாடலும் சிற்றிலக்கியமும் புதுக்கவிதையும் ஆராயப்பட்டு வந்த இவ்வரங்கில், வீட்டுத் தொலைபேசியைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்தால், இது இங்குப் பேசத்தக்க பொருள்தானா என்று சிலர் எண்ணக்கூடும். நாம் வாழும் பிரிட்டனில், செப்புக் கம்பி வழியே குரலைக் கொண்டு வந்த பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி 31ஆம் நாளுக்குள் மூடிவிடுவதென அறிவிக்கப்பட்டுள்ளது. முதலில் 2025 டிசம்பர் என்று குறிக்கப்பட்ட அந்நாள், 2024ஆம் ஆண்டு தள்ளிவைக்கப்பட்டது. இனி வீட்டுத் தொலைபேசியின் பேச்சு முழுவதும் இணையத்தின் வழியே செல்லும். லண்டனில் முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது 1879ஆம் ஆண்டு. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் மனிதக் குரலைச் சுமந்த ஒரு முறை விடைபெறும்போது, குரலையே மூலப்பொருளாகக் கொண்ட கவிஞர்கள் அதனைக் கவனியாதிருத்தல் தகாது என்பது என் எண்ணம்.

நமக்கு நன்கு பழகிய ஓர் இலக்கிய வகையிலிருந்தே தொடங்குகிறேன். தூது செல்லத்தக்கவை அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்து என்று நம் முன்னோர் தொகுத்தனர். இப்பத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. தூது, அனுப்பியவரை விட்டுப் பிரிந்து செல்கிறது. வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதும், அது சென்று சேர்ந்ததா என்பதும், அது திரும்பி வந்து சொன்னாலன்றித் தெரியா. தலைவியின் ஏக்கம் அத்தனையும் அந்த இடைவெளியில்தான் வாழ்கிறது.

1876ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற தொலைபேசி, இந்த இடைவெளியை நீக்கியது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு பாதை திறக்கப்பட்டது. பேச்சு முடியும்வரை அது அவ்விருவருக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது. பேசாமலிருந்தாலும் பாதை திறந்தே இருந்தது. தொலைபேசியைத் தூது என்று அழைப்பது நயமாக இருக்கலாமே தவிர, உண்மையில் அது தூதுக்கு ஒரு முற்றுப்புள்ளியாகவே வந்தது.

இணையவழித் தொலைபேசியோ மீண்டும் தூதுக்கே திரும்பிவிட்டது. இதனைச் சற்று விளக்க வேண்டும். அதன் அடிப்படை முறையில் நம் குரல் ஒரு நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது; ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாகிறது. இவ்வெண்களை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்திற்கு ஒரு கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் சேர வேண்டிய முகவரியை எழுதி அனுப்புகிறார்கள். பாக்கெட் என்று பொறியாளர்கள் வழங்கும் இப்பொட்டலங்கள் ஒரு நொடிக்கு ஐம்பது புறப்படுகின்றன. 'வணக்கம்' என்று சொல்ல முக்கால் நொடி ஆகுமானால், அவ்வொரு சொல்லுக்கு ஏறக்குறைய முப்பத்தெட்டுத் தூதுகள் வேண்டும். அவை பிறருடைய கடிதங்களோடும் படங்களோடும் கணக்குகளோடும் கலந்து பொதுவழியில் செல்கின்றன. சில முந்தும், சில பிந்தும், சில வாராமலே போகும். கடிதமாயின் பிந்தி வரும் பகுதிக்காகக் காத்திருக்கலாம். பேச்சு அவ்வாறு காத்திராது. காலம் கடந்து வந்த பொட்டலத்தைப் பெறுமுனைக் கருவி கைவிட்டுவிட்டு, முந்திய ஒலியைச் சற்றே நீட்டி அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. நாம் கேட்கும் சொல்லில் ஒரு சிறு பகுதி பேசியவர் வாயிலிருந்து வாராமல் கருவியின் ஊகத்தால் வந்ததாக இருக்கக்கூடும். நம் காதுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை.

இம்முறை நேற்று வந்ததன்று. வோகல்டெக் என்னும் இஸ்ரேலிய நிறுவனம் கணினிவழிப் பேசும் மென்பொருளை 1995ஆம் ஆண்டு வெளியிட்டது. அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் உதவும் சிப் என்னும் நெறிமுறை 1999இல் வந்தது. 2003இல் தோன்றிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. அதற்குள் வேறு பல வந்துவிட்டன. புலம்பெயர்ந்த நம்மவர்க்கு இதனினும் நெருக்கமான வரலாறு ஒன்றுண்டு. தமிழ்க் கடைகளில் வாங்கி, சுரண்டி, மறைந்திருந்த எண்ணை அழுத்தி ஊருக்குப் பேசிய அட்டைகளை மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றுள் பல, கடல் கடக்கும் பகுதியில் இணைய முறையிலேயே குரலை அனுப்பின. மலிவின் காரணம் அதுவே. ஆகவே ஊரோடு பேசியபோது நம்மிற் பலர் அறியாமலே இம்முறையைப் பயன்படுத்தியிருக்கிறோம். இப்பொழுது மாறுவது வீட்டு வாசலுக்குள் வரும் அந்தக் கடைசிக் கம்பி.

இனி, ஒலியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பழைய தொலைபேசி, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளையே கடத்திற்று. ஆங்கிலத்தில் எஸ், எஃப் என்னும் எழுத்துகளைத் தொலைபேசியில் பிரித்தறிவது கடினமாக இருந்ததற்கு அதுவே காரணம். அவ்வொலிகளின் வேறுபாடு பெரிதும் அவ்வெல்லைக்கு மேலே கிடக்கிறது. தமிழின் நிலை வேறு. ல, ள, ழ ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்குவன. ஆகவே செப்புக் கம்பி நம் ழகரத்தைப் பழுதின்றிக் கொண்டு சேர்த்தது. ஒருவர் ழகரத்தைச் சரியாக ஒலித்தாரா என்பதைத் தொலைபேசியிலேயே கண்டுபிடித்துத் திருத்திய தமிழாசிரியர்களுக்கு, கம்பியும் துணை நின்றது. புதிய முறையில், இரு முனைக் கருவிகளும் இடம் தந்தால், 7000 ஹெர்ட்ஸ் வரை குரலை அனுப்பலாம். அதற்கான தரம் 1988இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. மூச்சின் ஒலியும் சகரத்தின் உராய்வும் அதில் தெளிவாகக் கேட்கின்றன. இது ஒரு பேறு என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆயினும் நாம் இழக்கக்கூடியது ஒன்றுண்டு. கதை கேட்பவர் 'ம்' கொட்டுவது நம் மரபு. சொல்பவர் மூச்சு விடும் இடத்தில் அந்த 'ம்' வந்து விழ வேண்டும்; அதுவே கதையை முன்னே தள்ளும். குரல் ஒருமுனையிலிருந்து மறுமுனை சேர ஆகும் நேரம் நொடியில் 150 ஆயிரத்தொரு பங்கைத் தாண்டாதிருத்தல் நன்று என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. இணைப்பு நெரிசலாக இருக்கையில் அது தாண்டிவிடுகிறது. அப்பொழுது நம் 'ம்' அடுத்த சொல்லின்மேல் போய் விழுகிறது. சொல்பவர், நாம் குறுக்கிடுகிறோம் என்று எண்ணி நிறுத்திவிடுகிறார். இருவரும் ஒருங்கே பேசத் தொடங்கி, இருவரும் ஒருங்கே அடங்குகின்றனர். மேலும், பேச்சில்லாத நேரத்தில் ஒலியை அனுப்பாது மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு உள்ள கருவிகளில், மெல்லிய 'ம்' பேச்சென்றே கணக்கிடப்படாமல் போவதும் உண்டு.

பழைய கம்பியில் யாரும் பேசாதபோதும் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டேயிருக்கும். எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. அனுப்பப்படாத மௌனமோ முழு வெறுமையாக இருக்கும். கேட்பவர் இணைப்பு அறுந்ததென்று எண்ணி, 'இருக்கிறீர்களா?' என்று வினவுவார். இதனைத் தவிர்க்கப் பொறியாளர்கள் ஒரு செயற்கை இரைச்சலை உண்டாக்கிக் கேட்பவர் காதருகே ஒலிக்கச் செய்கின்றனர். 'ஆறுதல் இரைச்சல்' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர். துயரச் செய்தியைக் கேட்டு ஒருவர் வாயடைத்து நிற்கையில் நாம் கேட்கும் மௌனம் அவருடைய அறையின் மௌனமாக இல்லாமல், நம் கருவி செய்து தந்த மௌனமாக இருக்கலாம். மௌனத்தைப் பாடும் கவிஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

அன்பர்களே, இதுகாறும் சொன்னவை சுவைக்காக. இனிச் சொல்லப்போவது உயிர் பற்றியது.

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. இணைப்பகத்திலிருந்து வரும் அதே செப்புக் கம்பி சுமார் 50 வோல்ட் மின்னழுத்தத்தையும் கொண்டு வந்தது. இணைப்பகத்தில் மின்கல அடுக்குகள் இருந்தன. அவற்றுக்குத் துணையாக மின்னாக்கிகளும் இருந்தன. ஊரே இருளில் மூழ்கினாலும், கம்பியில் நேரே பொருத்திய கருவியில் பேச முடிந்தது. புதிய முறையில் ரவுட்டர் எனப்படும் பெட்டி வீட்டு மின்சாரத்தில் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் ரவுட்டர் நிற்கும். அதனோடு தொலைபேசியும் நிற்கும். 1937ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட 999 என்னும் அவசர அழைப்பையும் அத்தொலைபேசியில் அழைக்க முடியாது.

இதற்காக ஆஃப்காம் என்னும் கண்காணிப்பு அமைப்பு 2018ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமேனும் அவசர உதவியை அழைக்கும் வசதியைத் தொலைபேசி நிறுவனங்கள் தர வேண்டும். கைப்பேசியோ அதற்கான அலைவரிசையோ இல்லாது வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்போருக்கு அது இலவசமாதல் வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல ஏற்பாடுதான். எனினும் 2021 நவம்பர் இறுதியில் வீசிய ஆர்வென் புயலை நினைவு கூருங்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன. அவற்றுள் ஆயிரக்கணக்கானவை ஒரு வாரத்துக்கு மேல் இருளில் கிடந்தன. ஒரு மணி நேரம் எங்கே, ஒரு வாரம் எங்கே? அக்குளிர்காலப் புயல்களுக்குப் பின், 2022 மார்ச் மாதத்தில், பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் தன் மாற்றப் பணியைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது என்பதும் கருதத்தக்கது.

கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் உதவி மையத்துக்குச் செய்தி செல்லும் கருவிகளை இந்நாட்டில் சுமார் 18 இலட்சம் பேர் பயன்படுத்துகின்றனர். தனித்து வாழும் முதியவர்களே அவர்களிற் பெரும்பாலோர். அக்கருவிகளுள் பழையவை, செப்புக் கம்பிக்கென்று அமைந்த ஒலிக்குறிகளால் பேசுபவை. பொட்டலங்களாகப் பிரிக்கப்படும்போது அக்குறிகள் சிதைய நேரும். அழைப்பு சென்று சேராத கடுமையான நிகழ்வுகள் ஏற்பட்ட பின்னரே, 2023 டிசம்பரில், நிறுவனங்கள் அரசின் முன்னிலையில் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட்டன.

அவ்வாறாயின் பழைய முறையையே வைத்துக்கொள்ளலாகாதோ என்று கேட்கலாம். அது இயலாது. அக்காலக் கருவிகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்று வருகின்றனர். ஆகவே அம்முறை நலிந்து தானே விழுவதைவிட, ஒழுங்காக மூடுவதே நன்று. நான் பழமைக்காகப் புலம்ப வரவில்லை. மின்சாரத்தையும் விழிப்பையும் இதுவரை இணைப்பகம் ஏற்றிருந்தது. இனி அப்பொறுப்பு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இதனை அஞ்சலில் வரும் அறிவிப்புகள் போதிய அளவு சொல்வதில்லை. சொன்னாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் சொல்கின்றன. நம் மன்றத்து முதியவர்களுட் பலர் மரபுக் கவிதையில் வல்லவர்கள். அவ்வறிவிப்பைப் படித்துணர வல்லவர்கள் அல்லர்.

ஆகவே சில செய்திகளை நடைமுறைக்கென்று கூறி முடிக்கிறேன். தனித்து வாழ்பவரும், உதவிப் பொத்தான் வைத்திருப்பவரும், கைப்பேசி அலைவரிசை எட்டாத வீட்டினரும் தம் நிறுவனத்திடம் அதனை முன்கூட்டியே தெரிவித்து, மின்கல வசதியைக் கேட்டுப் பெற வேண்டும். வேறு நிறுவனத்துக்கு மாறுவோர், தம் எண் புதிய இடத்துக்கு மாறிச் சேருமுன் பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லலாகாது. துண்டித்தால் பல்லாண்டு பழகிய எண் கைவிட்டுப் போய்விடும். கருவியை வேறு வீட்டுக்கு எடுத்துச் சென்றால், அவசர அழைப்புக்கெனப் பதிந்துள்ள முகவரியையும் மாற்ற வேண்டும். இல்லையேல் உதவி பழைய வாசலுக்குப் போகும். விரலால் வட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசியின் துடிப்புகளைப் புதிய பெட்டிகளுட் பல புரிந்துகொள்வதில்லை. இன்னொன்று: ஒரே ஊருக்குள் பேசும்போது ஊர்க்குறி எண்ணை விட்டுவிடும் வழக்கம் பொதுவாக இனிச் செல்லாது. லண்டனுக்குள் பேசினாலும் 020 என்று தொடங்குதல் வேண்டும்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடம் உறுப்பினர் பட்டியல் உண்டு. அதில் தனித்து வாழும் பெரியவர்களின் பெயர்களைக் குறித்து, ஒவ்வொருவருக்கும் அருகில் வாழும் ஓர் இளைய உறுப்பினரைப் பொறுப்பாக்குவோம். அவர் நேரில் சென்று, ரவுட்டரைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்து, தொலைபேசியும் உதவிப் பொத்தானும் என்ன ஆகின்றன என்று அறிந்து வரட்டும். உதவிப் பொத்தான் இருப்பின், சோதனை செய்யப்போவதாக அதன் மையத்துக்கு முன்னரே சொல்லிவிடட்டும். புயல் வீசி மின்சாரம் நின்ற நாளில், எண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு இருந்துவிடாமல், கதவைத் தட்டி வரட்டும். அன்று அனுப்புவதற்கு அன்னமும் இல்லை, மேகமும் இல்லை. நாமே போக வேண்டும். அடுத்த கூட்டம் கவியரங்கத்துடன் தொடங்குமுன் இப்பட்டியல் நிறைவுற்றதா என்று செயலாளர் அவர்கள் அவையில் கேட்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.