ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளும் ஆண்டுப் பரீட்சையும்



கல்வியின்பொருட்டுத் தம் தேட்டத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்துச் சென்ற ஒருவரின் நினைவாக நிகழும் இச்சொற்பொழிவிலே, ஐக்கிய அமெரிக்க நாட்டுப் பொதுப்பள்ளிகளில், வீட்டில் வேறு மொழி வழங்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நடத்தப்பெறும் ஆங்கிலத் திறன் பரீட்சையைக் குறித்துச் சில சொல்ல எண்ணுகிறேன். அப்பள்ளிகளில் பயில்வோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர், அதாவது சுமார் 50 லட்சம் பிள்ளைகள், இப்பரீட்சைக்கு உட்பட்டவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் இல்லங்களிலிருந்து வருகின்றவர்கள்.

இப்பரீட்சையின் பூர்வீகம் ஒரு வழக்கில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பள்ளிகளிலே ஆங்கிலம் அறியாத சீன வமிசத்துப் பிள்ளைகளுள் சுமார் 1,800 பேர், தமக்குச் சிறிதும் விளங்காத மொழியில் நடைபெறும் வகுப்புகளில் யாதொரு தனி உதவியுமின்றி நாள்தோறும் உட்கார்ந்து எழுந்து கொண்டிருந்தனர். லாவ் எதிர் நிக்கல்ஸ் என்று பெயர் பெற்ற அவ்வழக்கிலே, 1974 ஜனவரியில், நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் வாயிலாக, எல்லோருக்கும் ஒரே பாடநூலும் ஒரே ஆசிரியரும் அளித்துவிட்டதனாலேயே சமத்துவம் சித்தித்துவிடாது என்று உச்சநீதிமன்றம் நிர்ணயித்தது. அதற்கு ஆதாரமாக நின்றது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம். ஆயினும் எந்த முறையில் கற்பிக்க வேண்டும், கற்றதை எவ்வாறு அளக்க வேண்டும் என்பவற்றை நீதிமன்றம் வகுத்துரைக்கவில்லை. அளவையை ஆண்டுதோறும் கட்டாயமாக்கியது 2002 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டம். 2015இல் வந்த சட்டம் அதை நிலைநிறுத்தியதோடு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் அடையும் முன்னேற்றத்தைப் பள்ளிகளின் தரத்தை மதிப்பிடும் கணக்கிலும் சேர்த்தது.

நடைமுறை இது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி யாதென்று ஒரு படிவம் கேட்கும். ஆங்கிலமல்லாத மொழியைக் குறித்தால், பிள்ளை 30 நாட்களுக்குள் சோதிக்கப்பெறும். போதிய திறன் இல்லையெனக் கண்டால் தனிப்பயிற்சிக்கு உரியதாகும். அது முதல், தேறி வெளியேறும் வரையில், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்னும் நான்கிலும் ஆண்டுக்கொரு பரீட்சை உண்டு. கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் ஆகியவை தத்தமக்கெனப் பரீட்சைகளை வைத்துக்கொண்டிருக்க, முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விடா என்னும் அமைப்பின் பரீட்சையை நடத்துகின்றன. பெற்றோர் விரும்பினால் தனிப்பயிற்சி வேண்டாமென்று மறுக்கலாம். பரீட்சையை மறுக்க மட்டும் இயலாது. விநோதமான ஏற்பாடுதான், எனினும் பிள்ளையை எவரும் மறந்துவிடக் கூடாது என்பதே அதன் தாத்பரியம் என்பதனால் நான் அதைக் குறை கூறமாட்டேன்.

என் ஆட்சேபம் வெளியேறும் வாயிலைப் பற்றியது. விடாவின் மொத்த மதிப்பெண்ணில் படித்தலுக்கு நூற்றுக்கு 35, எழுதுதலுக்கு 35, கேட்டலுக்கும் பேசுதலுக்கும் தலைக்கு 15 என்பது கணக்கு. அமெரிக்க மண்ணிலேயே பிறந்து, தோழர்களோடு ஆங்கிலத்திலேயே விளையாடி, ஆங்கிலத்திலேயே சண்டையும் போட்டு வளர்ந்த ஒரு சிறுவன், எழுத்தில் பின்தங்கிய ஒரே காரணத்தால், ஆண்டுக்காண்டு இன்னும் ஆங்கிலம் கற்போன் என்ற பட்டியலிலேயே நிறுத்தப்படுகிறான். இத்தகையோர் பெருகியதனால், 2012இல் கலிபோர்னியா சட்டமன்றம் நீண்டகால ஆங்கில மாணாக்கர் என்று அவர்களுக்கொரு தனிப் பிரிவையே சட்டத்தில் வரையறுக்க நேர்ந்தது. தனிப்பயிற்சிக்கென ஒதுக்கும் பாடவேளையால், சங்கீதமோ சித்திரமோ வேறு விருப்பப் பாடமோ கற்கும் வாய்ப்பை இவர்களிற் பலர் இழக்கின்றனர். வீட்டில் ஆங்கிலமன்றி வேறொன்றும் அறியாத பக்கத்துப் பெஞ்சுப் பையனோ, எழுத்தில் இவனைப் போலவே தடுமாறினாலும், அப்பரீட்சையைக் கண்ணாலும் காண்பதில்லை. அவனிடம் அது வெறும் அசிரத்தை என்று கருதப்படுகிறது. இவனிடம் மொழிக் குறைபாடாகிவிடுகிறது. குறை போதனையில் இருக்கலாம் என்று ஐயுறுவதற்கு மாறாக, பிள்ளையையே மறுபடியும் சோதிப்பது நியாயமன்று.

ஆண்டுப் பரீட்சை வேண்டும் என்பதே என் முடிபு; அது இல்லாவிடில் அந்த 1,800 பிள்ளைகளின் கதை ஓசையின்றி மீண்டும் நிகழும். ஆனால் விடுவிப்பதற்கு அதன் எண் ஒன்றே பிரமாணமாதல் கூடாது. ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, ஆங்கிலத்தில் வல்ல ஒத்த வயதுப் பிள்ளைகளோடு அடிப்படைத் திறனில் ஒப்பீடு ஆகிய மூன்றையும் பரீட்சையோடு சேர்த்து நோக்குமாறு கலிபோர்னியாவின் சட்டம் கூறுகிறது. பரீட்சை எண் அங்கும் இன்றியமையாததே எனினும், மூன்றாவதாகச் சொன்ன ஒப்பீடு, நான் சுட்டிய அநீதியை நேரே தொடுவது என்பதனால், ஏனைய மாநிலங்களும் பின்பற்றத் தக்கது.

இந்த அவையிலும், அந்நாட்டில் பேரப்பிள்ளைகள் பயிலும் பெரியோர் சிலர் இருக்கக்கூடும். தமிழ் என்று எழுதினால் குழந்தையைப் பின்தங்கிய வகுப்பில் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சத்தால், வீட்டு மொழியைக் கேட்கும் அப்படிவத்தில் ஆங்கிலம் என்றே எழுதிவிடும் பெற்றோர் உண்டு. அவ்வாறு மறைக்க வேண்டாமென்று உங்கள் மக்களுக்கு எழுதுங்கள். உதவி வேண்டிய குழந்தைக்கு அதைக் கேட்கும் உரிமை அப்படிவத்திலிருந்தே தொடங்குகிறது. பிள்ளையை ஆங்கிலம் கற்போர் பட்டியலில் சேர்த்ததன் காரணத்தையும், அதன் திறனையும், அதிலிருந்து வெளியேறும் விதிகளையும், கூடியவரையில் பெற்றோருக்கு விளங்கும் மொழியிலேயே பள்ளி தெரிவிக்க வேண்டுமென்று சட்டம் விதித்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள்.