பழுதுற்ற வன்தட்டு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி ஆராய்ந்து வருபவர் அவர். அவர் கையில் ஒரு துணிப்பையும், அப்பைக்குள் உள்ளங்கை அளவான ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தன. இரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றி, நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் முதியோர் பாடக் கேட்டு அவர் திரட்டிய ஒலிப்பதிவுகள் யாவும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருந்தன. பாடிக் கொடுத்தவர்களில் மூவர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

"ஐயா, நேற்று இரவிலிருந்து கணினி இதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே 'டக், டக்' என்று சத்தம் மட்டும் கேட்கிறது. பாட்டெல்லாம் போய்விட்டனவா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தொண்டை கம்மிற்று.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. வன்தட்டு நின்றுபோனதாலேயே அதில் எழுதப்பட்டவை அழிந்துவிட்டன என்று கொள்ளுதல் தவறு. பெரும்பாலான வேளைகளில் எழுத்து அப்படியே இருக்கிறது. அதைப் படிக்கும் கருவிதான் கெட்டுப்போகிறது. அவ்வாறு எஞ்சியிருப்பது நம் கைக்குத் திரும்புமா, அல்லது என்றைக்குமாக மறையுமா என்பது, பழுது நேர்ந்த பின் முதல் சில மணி நேரத்தில் நாம் செய்யும் செயல்களைப் பொறுத்தது. இன்று உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே.

முதலில், அந்தப் பெட்டிக்குள் இருப்பது யாது என்று பார்ப்போம். 'ஹார்ட் டிஸ்க்' என்று நாம் வழங்கும் வன்தட்டு 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. அந்த முதற்கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அச்சில் சுழன்றன. ஓர் அலமாரியினும் பெரிதான அக்கருவி கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று சட்டைப்பையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டோ ஓர் இலட்சம் கோடி எழுத்துகளைக் கொள்கிறது. அளவு இவ்வளவு மாறியும் அடிப்படை மாறவில்லை. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன வழவழப்பான தட்டு. அதன்மேல் காந்தப் பொருளின் மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சில் நுண்ணிய காந்தப் புள்ளிகளாக எழுத்து. அவற்றைப் படிக்கவும் எழுதவும் ஒரு கையின் நுனியில் அமைந்த மிகச் சிறிய முனை. இவ்வளவுதான்.

ஆனால் இந்த முனை தட்டைத் தொடுவதில்லை என்பதை நீங்கள் கருத வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்கிறது. அச்சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின்மீது முனை மிதந்து செல்கிறது. முனைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள வெளி சில நானோமீட்டர் மட்டுமே. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். நம் தலைமயிர் ஒன்றின் பருமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். எனவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியும் அந்த இடைவெளிக்குமுன் மலை போன்றது. பெட்டி கைதவறிக் கீழே விழுந்தால், மிதந்த முனை தட்டில் மோதும். மோதிய முனை சிதையும். சிதைந்த முனை தட்டின் பூச்சைச் சுரண்டும். சுரண்டப்பட்ட பூச்சோடு அங்கிருந்த எழுத்தும் போய்விடும். அதனை எவராலும் மீட்க இயலாது.

இனி, வன்தட்டுக்கு நேரும் பழுதுகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல்வகை, தட்டில் எழுத்துச் சிதையாமல், அதன் பொருளடக்கம் மட்டும் சிதைவது. எந்தக் கோப்பு தட்டின் எப்பகுதியில் உள்ளது என்று காட்டும் அட்டவணை ஒன்று ஒவ்வொரு தட்டிலும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கினால் இந்த அட்டவணை குலையக்கூடும். அப்போது கணினி, 'இதை ஃபார்மேட் செய்யலாமா?' என்று நம்மைக் கேட்கும். வேண்டாம் என்பதே அதற்குத் தக்க விடை. நாமே தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டாலும் நிலை இதுதான். அட்டவணையிலிருந்து பெயர் நீங்குகிறதே அன்றி, எழுத்து உடனே அழிவதில்லை. அவ்விடத்தில் வேறொன்றை எழுதும்வரை அது அங்கேயே இருக்கும். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைக் கருவிகளுக்கு மட்டும் இந்த நம்பிக்கை பொருந்தாது. அழிக்கப்பட்ட இடத்தை அவை தாமே துடைத்து வைத்துக்கொள்ளும் இயல்பின.

இரண்டாம் வகை, மின்பகுதியில் நேரும் பழுது. பெட்டி ஓசையின்றிக் கிடக்கும், விளக்கும் எரியாது. கம்பியோ, அது செருகும் வாயோ, உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகையோ கெட்டிருக்கலாம்.

மூன்றாம் வகை, உறுப்புகளின் பழுது. முனை உடைந்திருக்கும், அல்லது தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது சுழற்றும் மோட்டார் இறுகியிருக்கும். 'டக், டக்' என்னும் ஓசை பெரும்பாலும் இதன் அறிகுறியே. தான் நிற்கும் இடத்தை அறிய இயலாத முனை, தட்டின்மீது போவதும் பின்வாங்குவதுமாகத் தவிக்கிறது.

என் மாணவரின் பெட்டி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. "நேற்றிரவு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். பதினைந்து இருபது முறை கம்பியை எடுத்து மீண்டும் செருகிப் பார்த்ததாகச் சொன்னார். பெட்டியை மேசையில் மெல்லத் தட்டிப் பார்த்தாராம். குளிர்பதனப் பெட்டியின் பனியறையில் ஓர் இரவு வைத்தெடுத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினாராம். அதையும் செய்வதற்கு முன் என்னைக் கேட்டுவிடலாம் என்று வந்திருந்தார்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் மொழி. உடைந்த முனை தட்டின்மீது இருக்கும்போது மின்சாரம் பாய்ச்சுவது, கூரிய கல்லை வைத்துப் பலகையைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். நொடிக்கு 90 சுற்று என்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தேய்க்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். பனியறையில் வைப்பதும் நன்றன்று. குளிர்ந்த பெட்டியை வெளியே எடுத்ததும், கோடையில் குளிர்ந்த செம்பின்மேல் நீர்த்துளி அரும்புவதுபோல் தட்டின்மேல் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு தட்டு சுழன்றால் கேடு இரட்டிப்பாகும். மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதோ, நம் அறையின் தூசியைத் தட்டுக்கு விருந்தாக்குவதாகும். ஆகவே, மாறான ஓசை கேட்டால் செய்ய வேண்டிய முதற்செயல் ஒன்றே: கம்பியை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. ஏதேனும் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று மனம் துடிக்கும் வேளையில் ஒன்றும் செய்யாதிருப்பது எளிதன்று.

அப்படியானால் வீட்டில் நாம் செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு. பெட்டி ஓசையின்றிக் கிடந்தால், வேறு கம்பியையும் வேறு கணினியையும் கொண்டு ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். பல வேளைகளில் குற்றம் கம்பியிலேயே இருக்கும். மாறான ஓசை எதுவும் இல்லாமல், கணினி தட்டை அடையாளம் கண்டுகொள்ளவும் செய்து, படிப்பதில் மட்டும் தயக்கம் இருந்தால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து பார்க்க வேண்டா. தட்டு முழுவதையும் அதனினும் பெரிய வேறொரு தட்டில் முதலில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது நன்றாயுள்ள பகுதிகளை முதலில் விரைந்து படித்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் குறித்து வைத்து, அவற்றைக் கடைசியில் பொறுமையாக முயன்று பார்க்கும். வினாத்தாளில் தெரிந்த வினாக்களுக்கு முதலில் விடையெழுதிவிட்டுக் கடினமானவற்றைப் பிறகு எடுத்துக்கொள்ளும் நல்ல மாணவனின் முறையே அது. படியெடுத்து முடிந்ததும் மூலத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு, 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' போன்ற மென்பொருள்களால் படியில் தேடலாம். படியில் செய்த பிழையைத் திருத்தலாம்; மூலத்தில் செய்த பிழையைத் திருத்த முடியாது. எனவே, மீட்ட கோப்புகளை அதே பழைய தட்டில் எழுதுவதோ, பிழைதிருத்தும் மென்பொருளை அதன்மேல் ஏவுவதோ கூடவே கூடாது.

உறுப்பே பழுதானால் வல்லுநரிடம் செல்வதே வழி. அவர்கள் பணிபுரியும் அறையின் காற்று பலமுறை வடிகட்டப்பட்டது. அங்கே, அதே வகையைச் சேர்ந்த நல்ல வன்தட்டு ஒன்றிலிருந்து முனைகளைக் கழற்றி, பழுதானதில் பொருத்துகிறார்கள். அந்த முனைகள் நெடுநாள் உழைப்பதற்காகப் பொருத்தப்படுவன அல்ல. ஒருமுறை படித்து முடிக்கும்வரை தாங்கினால் போதும். மின்சுற்றுப் பலகை கெட்டாலும், கடையில் வேறொன்றை வாங்கி மாட்டிவிட முடியாது. அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவுக் குறிப்புகள் அதிலுள்ள ஒரு சில்லில் எழுதப்பட்டிருப்பதால், அச்சில்லையும் புதுப் பலகைக்கு மாற்றியாக வேண்டும்.

தட்டில் எழுதியது எவ்வளவு உறுதியாக நிற்கக்கூடும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கொலம்பியா என்னும் விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் டெக்சாஸ் மாநிலத்தின் வானில் சிதறியது. நம் நாட்டில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் அதில் உயிர் நீத்தனர். ஸெனான் என்னும் வாயுவின் பிசுக்குமையைப் பற்றி அவ்வோடத்தில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டிருந்தது. அதன் முடிவுகளில் ஒரு பகுதி வானொலி அலைகள் வழியே முன்னரே பூமியை அடைந்திருந்தது. எஞ்சியது ஒரு வன்தட்டில் இருந்தது. சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்டபோது அவ்வன்தட்டு கருகிய உலோகக் கட்டியாகவே காட்சியளித்தது. அடைப்பு உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. ஆயினும் தட்டுகள் வளையவில்லை. அவற்றில் குழிகள் விழுந்த இடங்களில், நல்வினைப் பயனாக, ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. வல்லுநர் ஒருவர் முதலில் தட்டுகளைத் தூய்மை செய்தார்; பிறகு வேறொரு பெட்டிக்கு மாற்றினார்; அதன் பின்னரே சுழற்றிப் படித்தார். எழுதியிருந்தவை ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தன. அவ்வாய்வின் முடிவுகள் 2008-ஆம் ஆண்டில் அச்சேறின. உயிர்களை மீட்க இயலவில்லை. அவர்கள் செய்த பணியின் பயனையாவது உலகம் பெற்றது.

வானிலிருந்து எரிந்து விழுந்த தட்டுக்கு இவ்வளவு நற்பேறு வாய்த்ததே, என் மாணவரின் தட்டுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றே கம்பியைச் செருகுவதை நிறுத்தினோம். சில நாட்களுக்குள் அதை வல்லுநர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். கணிசமான பொருட்செலவுக்குப் பின், ஒலிப்பதிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தன. தட்டின் ஓரத்தில் வளையம் வளையமாகக் கீறல் இருந்ததென்றும், முதல் ஓசை கேட்டவுடனே நிறுத்தியிருந்தால் இவ்வளவு கீறல் விழுந்திராது என்றும் அவர் கூறினார். காலமாகிவிட்ட மூவரில் இருவருடைய பாடல்கள் முழுமையாகக் கிடைத்தன. மூன்றாமவர் பாடிய ஒப்பாரி பாதிவரை வந்து, அதன்பின் வெறும் இரைச்சலாகிவிட்டது. மறு பாதியை இனி யாரிடம் சென்று கேட்பது?

நண்பர்களே, மீட்கும் கலை எவ்வளவு வளர்ந்தாலும், அது இழப்பைக் குறைக்குமே அன்றி இல்லாமற் செய்யாது. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். செல்லும் ஈரமும் ஓலையை ஒரு நாள் தின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆதலால், பழைய ஏடு பொடிந்துபோகுமுன் புதிய ஏட்டில் அதனைப் பெயர்த்து எழுதி வைத்தார்கள். பன்னூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நூல்கள் நம் கைக்கு வந்ததற்கு ஓலையின் வலிமை காரணமன்று. படியெடுத்தவர்களின் விடாமுயற்சியே காரணம். வன்தட்டும் ஓலை போன்றதே. அதனினும் குறைந்த ஆயுள் உடையது. சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடும்.

ஆகவே, அரிய பொருள் எதுவாயினும் அதற்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவற்றை ஒரே வகைக் கருவியில் வையாமல், இரு வகைக் கருவிகளில் வையுங்கள். ஒரு படியேனும் வேறோர் ஊரில், அல்லது வேறொரு வீட்டிலாவது இருக்கட்டும். திருடனும் தீயும் வெள்ளமும் ஓரிடத்துக்கு வரும்போது மற்றோரிடம் தப்பும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படிகளைத் திறந்து பாருங்கள். திறந்து பாராத படி, படி ஆகாது. உங்கள் கல்லூரி ஆய்வேடு, தந்தையாரின் கடிதம், பாட்டியின் குரல் — இவற்றில் ஏதேனும் ஒன்று ஒரே ஒரு பெட்டிக்குள் தனித்துக் கிடக்குமாயின், இப்பேச்சு முடிந்ததும் எழுந்து சென்று அதற்கு ஒரு துணைப் படி எடுத்து வையுங்கள். என் மாணவர் இப்போது ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்த பின், உறங்கச் செல்லுமுன் அதைச் செய்து வருகிறார்.