முலாம்பழத்துக்குத் திசு வளர்ப்பு நாற்று தேவையா?

(சென்னை, சாந்தோமில் நிகழ்த்திய உரை)

கோடை பிறந்தால் இங்கே சாந்தோம் சாலையோரங்களில் முலாம்பழம் குவிந்துவிடும். அதைப் பயிரிடும் உங்களில் சிலர், "வாழைக்குத் திசு வளர்ப்புக் கன்று கிடைக்கிறதே, முலாம்பழத்துக்கும் அப்படி நாற்று வாங்கலாமா?" என்று கேட்கலாம். பணம் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் முறையைப் பார்ப்போம். கிருமி நீக்கிய விதையை முளைக்க வைத்து, சில நாட்களில் அதன் விதையிலையைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். சர்க்கரை, தாது உப்புகள், அகர், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த ஊடகத்தில் அத்துண்டுகளை வைப்பார்கள். 1962-இல் முராஷிகி, ஸ்கூக் என்ற இருவர் வகுத்த உப்புக் கலவையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. சுமார் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும், நாளுக்கு 16 மணி நேர ஒளியும் தருவார்கள். சில வாரங்களில் வெட்டுவாயில் குருத்துகள் தோன்றும். அவற்றை வேர்விடச் செய்து, படிப்படியாக வெளிக்காற்றுக்குப் பழக்கி, மண்ணில் நடுவார்கள்.

இது யாருக்குப் பயன்? புதிய இரகம் உருவாக்கும் ஆராய்ச்சியாளருக்கு. நச்சுயிரி நோயைத் தாங்கும் மரபணுவை ஓர் உயிரணுவில் புகுத்தினால், அதிலிருந்து முழுச் செடியை எழுப்ப இம்முறை வேண்டும்.

உங்கள் வயலுக்கு இது வேண்டாம். காரணம் இரண்டு. முலாம்பழம் விதையிலிருந்தே எளிதில் முளைத்து, சுமார் மூன்று மாதத்தில் முடியும் பயிர். ஆய்வுக்கூடச் செலவை அது தாங்காது. மேலும், முலாம்பழத்தின் இயல்பான குரோமோசோம் எண்ணிக்கை 24. விதையிலைத் துண்டிலிருந்து எழும் செடிகளில் சில, 48 குரோமோசோம்களுடன் வருவது ஆய்வுகளில் கண்ட உண்மை. அச்செடிகளின் காய் தட்டையாகிவிடும். ஒரே சீரான காய் கேட்கும் சந்தையில் நட்டம் உங்களுக்கே.

வாழையின் கதை வேறு. அதைப் பக்கக் கன்றால் பெருக்குகிறோம். கன்றோடு நூற்புழுவும் கிழங்குக் கூன்வண்டும் முடிக்கொத்து நோயும் வந்துவிடும். ஆகவே அங்கே திசு வளர்ப்பு பயன் தருகிறது. ஆனால் தாய்ச்செடியில் நச்சுயிரி இருந்தால் கன்றிலும் வரும். இதற்காகவே மத்திய அரசு 2006-இல் சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. கன்று வாங்கும்போது நச்சுயிரிச் சோதனைச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

முலாம்பழத்துக்கோ, முளைப்புத்திறன் குறித்த நல்ல விதையை வாங்குங்கள். ஒட்டு இரகமானால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்க வேண்டாம், குணம் பிரிந்துவிடும். விதைப் பையையும் இரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். பயிர் ஏமாற்றினால் முறையிட உங்கள் கையிலுள்ள ஆதாரம் அவையே.